தொடர்ந்து தோற்கும் கல்லூரி பேஸ்பால் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: பழைய ஷார்ட்ஸ்டாப்

அனைவருக்கும் வணக்கம். பொள்ளாச்சியிலிருந்து உடுமலைப்பேட்டை செல்லும் சாலையை ஒட்டிய ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு முன் படித்தவன் நான். கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள். அங்கே ஆண்கள் பேஸ்பால் அணி ஒன்று உண்டு என்பதே இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. நான் ஷார்ட்ஸ்டாப்பாக (உட்களத்தில் பந்தைத் தடுப்பவராக) நின்ற மூன்று ஆண்டுகளிலும் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் அரையிறுதிக்கு முன்பாக நாங்கள் ஊர் திரும்பியதில்லை. இப்போதைய அணி ஆறு ஆண்டுகளாக முதல் சுற்றைத் தாண்டவில்லை. சென்ற ஆண்டு களத்தில் நிறுத்த ஒன்பது பேர் சேராமல், கைப்பந்து அணியிலிருந்து இருவரைக் கடைசி நேரத்தில் அழைத்துச் சென்றார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

பயிற்சியாளராக இருந்தவர் கடந்த மே மாதத்தோடு விலகிவிட்டார். தாளாளர், பழைய வீரர்கள் ஐந்து பேரை அழைத்து, புதியவரை நீங்களே பரிந்துரை செய்யுங்கள், இரண்டு ஆண்டில் அணி தலையெடுக்கவில்லை என்றால் பேஸ்பாலை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைக் கபடிக்குக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் கோபம் இல்லை, கணக்குதான் இருந்தது. அதனால்தான் எங்களுக்குப் பயம்.

எங்கள் முன் மூவர் இருக்கிறார்கள். முதலாமவர் அதே கல்லூரியின் துணை உடற்கல்வி இயக்குநர். உடற்கல்வியில் முதுகலைப் பட்டமும் பதினான்கு ஆண்டுப் பணி அனுபவமும் உடையவர், ஆனால் அவருடைய ஆட்டம் கைப்பந்து. இரண்டாமவர் கோவையில் கிரிக்கெட் பயிற்சிக்கூடம் நடத்தும் முப்பது வயது இளைஞர். கல்லூரி நாட்களில் இரண்டு ஆண்டு பேஸ்பாலும் ஆடியிருக்கிறார், பையன்களின் பேட் வீச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து காட்டித் திருத்துவதில் கெட்டிக்காரர் என்று பெயர். மூன்றாமவர் எங்களோடு ஆடிய பிட்சர், அதாவது பேட் பிடிப்பவருக்குப் பந்து எறிபவர். பொள்ளாச்சியிலிருந்து வடக்கே தேங்காய் லோடு அனுப்பும் எட்டு லாரிகளுக்கு உரிமையாளர். அவர் படித்தது வணிகவியல். சம்பளம் ஒரு பைசா வேண்டாம், வாரத்தில் நான்கு நாள் காலையில் வந்துவிடுகிறேன் என்கிறார். எங்கள் ஐவரில் இருவர் லாரிக்காரருக்கும் இருவர் கிரிக்கெட்காரருக்கும் நிற்க, நான் நடுவில் நிற்கிறேன். துணை இயக்குநருக்காக யாரும் பேசவில்லை என்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

மைதானத்தைப் பற்றியும் இரண்டு வரி சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாயின் வாய்க்கு எதிரே இருப்பதால், ஆனி பிறந்ததும் எழும் மேல்காற்று ஆவணி வரை அடங்காது. சாலைக்கு அப்பால் காற்றாலைகள் சுற்றும் வேகத்தைப் பார்த்தே அன்றைக்கு உயரப் பந்துப் பயிற்சி உண்டா இல்லையா என்று முடிவு செய்வோம். பிட்சர் நின்று எறியும் மேட்டைப் பட்டமளிப்பு விழாவுக்குப் பந்தல் போடும்போது ஆண்டுதோறும் ஜேசிபி வைத்து நிரவிவிடுகிறார்கள். அதை மீண்டும் கட்ட ஆளில்லை. பையன்கள் சமதரையில் நின்றே எறிந்து பழகுகிறார்கள்.

நேர்காணலில் மூவருமே நன்றாகப் பேசினார்கள். பேச்சை வைத்து என்னால் முடிவெடுக்க முடியவில்லை. வேறு எதை வைத்து எடுப்பது?

மறுமொழி 1: கோபி உடற்கல்வி

தம்பிக்கு வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பயிற்சியாளரைத் தேடுவதற்கு முன்பு, அணி ஏன் விழுந்தது என்பதை நீங்கள் ஐந்து பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறீர்களா? நீங்கள் எழுதியதில் அதற்கான விடை பாதி இருக்கிறது. ஒன்பது பேர் சேரவில்லை என்றால் அது பயிற்சியின் குறையாவதற்கு முன்பே சேர்க்கையின் குறை. மேடு இல்லை என்றால் அது நிர்வாகத்தின் குறை. இந்த இரண்டையும் அப்படியே வைத்துக்கொண்டு ஆளை மட்டும் மாற்றினால், வருகிறவர் எவராக இருந்தாலும் இரண்டாம் ஆண்டு இறுதியில் கபடிக்குப் பணம் போய்விடும்.

ஆகவே தாளாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் பேஸ்பாலுக்கு ஆண்டுக்கு இத்தனை இடம், அதில் யாரைச் சேர்ப்பது என்பதில் பயிற்சியாளரின் சொல் எடுபடும் என்பது ஒன்று. போட்டிக்கும் அதற்கு முந்தைய பத்து நாள் முகாமுக்கும் மாணவர்களுக்கு ஓ.டி. (கல்லூரி வேலையாகப் போனதாகக் கருதி வருகை கொடுப்பது) உண்டு என்பது இன்னொன்று; வருகைப்பதிவு குறைந்து தேர்வெழுத முடியாமல் போன ஒரு பையனைப் பார்த்தால், அடுத்த ஆண்டு நல்ல வீட்டுப் பையன் எவனும் மைதானத்துக்கு வரமாட்டான். மூன்றாவது, அந்த மேட்டின் மீது எந்த வாகனமும் ஏறக்கூடாது என்பது.

பிறகு தேர்வு. நேர்காணலைக் கிடப்பில் போட்டுவிட்டு, மூவரையும் தலா இரண்டு காலை, அதே பையன்களை வைத்து, ஒன்றரை மணி நேரம் பயிற்சி நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் பயிற்சியாளரைப் பார்க்காமல், அணியில் ஆகக் கடைசியாக நிற்கும் பையன் ஒருவனைத் தேர்ந்துகொண்டு அவனையே பாருங்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவன் கைக்கு எத்தனை முறை பந்து வந்தது, எத்தனை முறை எறிந்தான், எத்தனை முறை பேட் பிடித்தான் என்று தாளில் கோடு போடுங்கள். பதினெட்டுப் பேர் இடுப்பில் கை வைத்து வரிசையில் நிற்க, ஒருவன் மட்டும் அடித்துக்கொண்டிருக்கும் பயிற்சியை என் பணிக்காலத்தில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அப்படி நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகப் பேசுவார்கள்.

துணை இயக்குநரைப் பற்றி ஒரு சொல். அவரைத் தேர்ந்தெடுக்காமல் போகலாம்; ஆனால் ஓ.டி. படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர், பேருந்து ஏற்பாடு செய்கிறவர், விடுதியில் பையன்களுக்கு முட்டை கேட்டு வாங்குகிறவர் எல்லாம் அவராகத்தான் இருப்பார். அவர் மனம் கோணாமல் முடிவைச் சொல்வது உங்கள் ஐவரின் பொறுப்பு.

மறுமொழி 2: முழங்கை

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் 2009 முதல் 2012 வரை பிட்சராக இருந்தேன். பள்ளியில் ஈட்டி எறிந்துகொண்டிருந்தவனைத் தோளைப் பார்த்து அழைத்துக்கொண்டார்கள். அதில் தவறில்லை, 2008-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணி ஒப்பந்தம் செய்துகொண்ட ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவருமே ஈட்டி எறிந்தவர்கள்தாம். தவறு பிறகு நடந்தது.

இரண்டாம் ஆண்டில் ஒரு போட்டி. இரண்டு நாட்களில் மூன்று ஆட்டங்கள், மூன்றிலும் நானே எறிந்தேன். எங்கள் பயிற்சியாளர் கெட்டவர் அல்லர். ஆட்டம் முடிந்ததும் தம் கையாலேயே தைலம் தேய்த்து விடுவார். ஆனால் எத்தனை எறிந்தேன் என்று அவரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. பின்னாளில் ஸ்கோர் தாளை எடுத்து, எதிரணியில் எத்தனை பேர் பேட் பிடித்தார்கள் என்பதை வைத்துக் குறைத்தே கணக்கிட்டபோதும் இருநூற்றைத் தாண்டியது. மூன்றாவது ஆட்டத்தின் நான்காம் இன்னிங்ஸில் (இரு அணிகளும் ஒருமுறை மாறி மாறி பேட் பிடிக்கும் சுற்றுக்கு இங்கே இன்னிங்ஸ் என்று பெயர்) முழங்கையின் உட்புறம் சுருக்கென்றது; பந்து, பேட் பிடிப்பவருக்குப் பின்னால் இருந்து பிடிக்கும் கேட்சரைத் தாண்டிப் பின்வலையில் போய் விழுந்தது. ஐந்தாம் இன்னிங்ஸையும் எறிந்து முடித்தேன், அரையிறுதி அல்லவா. இன்றைக்கும் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாயின் வால்வைத் திருகும்போது அதே இடம் இழுக்கும்.

அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டங்களை நடத்தும் மேஜர் லீக் பேஸ்பாலும், தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் இணைந்து பிட்ச் ஸ்மார்ட் என்றொரு வழிகாட்டியை வெளியிட்டிருக்கின்றன. 17, 18 வயதினருக்கு ஒரு நாளில் 105 பந்துகளும், 19 முதல் 22 வயது வரை 120 பந்துகளும் உச்ச வரம்பு. 30 பந்து வரை எறிந்தவர் மறுநாளே எறியலாம். 81-ஐத் தொட்டால் குறைந்தது நான்கு நாள் ஓய்வு. நம் ஊரில் போட்டியே மூன்று நாளில் முடிந்துவிடும் என்பதால், இந்த அட்டவணையை மதிக்கும் பயிற்சியாளருக்குக் குறைந்தது நான்கு பிட்சர்கள் வேண்டும். அதாவது, பிட்சர்களை உருவாக்குவதுதான் அவருடைய முதல் வேலையாகிறது. பந்தின் எடை கிரிக்கெட் பந்தைவிடக் குறைவுதான், 142 முதல் 149 கிராம் வரை. ஆனால் ஓடி வராமல், நின்ற இடத்திலிருந்து 18.44 மீட்டருக்கு முழு வேகத்தில் எறிவதால் முழங்கையும் தோளும் வாங்கும் அடி வேறு.

ஆகவே மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். உங்கள் முதன்மைப் பிட்சர் நேற்று 90 பந்துகள் எறிந்துவிட்டான், இன்று அரையிறுதி, அவனே வந்து நான் எறிகிறேன் சார் என்கிறான், என்ன செய்வீர்கள்? விடையைவிட, விடை சொல்ல அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கவனியுங்கள்.

மறுமொழி 3: பேட்டன் ரூஜ் கொங்கன்

சொந்த ஊர் சங்ககிரி. பிழைப்புக்காக அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜில் பதினோரு ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் ஆட்டத்துக்கு, நம் ஊரில் மாரியம்மன் நோன்புக்குக் கூடுவதுபோல் குடும்பம் குடும்பமாகக் கூடுகிறார்கள். இந்த அளவுக்கு அதை வளர்த்தவர் ஸ்கிப் பெர்ட்மன். அவர் 1984-இல் பொறுப்பேற்றபோது பல்கலைக்கழகம் அமெரிக்கக் கால்பந்துக்கு அடுத்தபடியாகக்கூட பேஸ்பாலை எண்ணவில்லை. அதற்கு முன் அவர் பெரிய பல்கலைக்கழகம் எதிலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பயிற்சி கொடுத்துவிட்டு, மயாமி பல்கலைக்கழகத்தில் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். முதல் தேசியப் பட்டம் 1991-இல்தான் வந்தது. பிறகு 1993, 1996, 1997, 2000 என்று மேலும் நான்கு. இடையில் கழிந்த ஏழு ஆண்டுகளை உங்கள் தாளாளரிடம் சொல்லிப் பாருங்கள். இரண்டு ஆண்டு என்பது ஒரு சேர்க்கைக் கூட்டம் முதலாண்டில் சேர்ந்து மூன்றாமாண்டை முடிக்கும் காலம்கூட இல்லை.

லாரிக்காரர் என்றதும் எனக்குச் சிரிப்பும் மகிழ்ச்சியும் வந்தன. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு 11 தேசியப் பட்டங்களை, அதில் 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்தை, வாங்கிக் கொடுத்த ராட் டெடோ லாரிப் போக்குவரத்துத் தொழில் நடத்தியவர். 1942 முதல் 1986 வரை அந்த அணியோடு இருந்தார். தொழிலில் வருமானம் இருந்ததால் ஆண்டுக்கு ஒரு டாலர் என்று பெயரளவுக்கே சம்பளம் வாங்கினார். ஆகவே லாரி ஒரு குறையல்ல, ஐயா. லாரிகளுக்குப் பேர்போன சங்ககிரிக்காரன் சொல்கிறேன்.

ஆனால் இங்குள்ளதை அங்கே அப்படியே பொருத்தக் கூடாது. இங்கே பெரிய பல்கலைக்கழகங்களில் பிட்சர்களுக்குத் தனி, பேட்டிங்குக்குத் தனி எனப் பயிற்சியாளர்கள் உண்டு. தலைமைப் பயிற்சியாளர் அவர்களைக் கட்டி மேய்ப்பவர். முன்னணியில் இருப்பவர்களின் ஆண்டு ஊதியம் பத்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. உங்கள் பயிற்சியாளர் சுண்ணாம்புக் கோடு போடுவதிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுமொழி 4: கோபி உடற்கல்வி

சங்ககிரித் தம்பி சொன்ன ஒரு டாலர் கதை நன்றாக இருக்கிறது. அதிலேயே என் அச்சத்துக்கான மருந்தும் இருக்கிறது. ஒரு டாலர் என்றாலும் அது சம்பளம். கூலி வாங்காதவருக்கு வேலை சொல்ல முடியாது. தேங்காய் விலை ஏறி, எட்டு லாரியும் ஒரே நேரத்தில் லோடுக்கு நிற்கும் வாரத்தில் அவர் வராமல் போனால், ஏன் வரவில்லை என்று கேட்கும் உரிமை யாருக்கு இருக்கும்? இலவசமாகச் செய்கிறவரை இப்படிக் கேட்கலாமா என்று நீங்களே ஒருவரையொருவர் அடக்கிக்கொள்வீர்கள். அவரையே தேர்ந்தெடுத்தாலும் நியமன ஆணை, வருகைப் பதிவேடு, மாதச் சம்பளம் மூன்றும் இருக்கட்டும். வாங்கிய சம்பளத்தில் அவர் பையன்களுக்கு க்ளவ் வாங்கிக் கொடுத்தால் அது அவர் விருப்பம்.

மறுமொழி 5: இரண்டு ஆட்டக்காரன்

கிரிக்கெட்காரர் என்பதற்காக அந்த இளைஞரை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியே மைக் யங் என்ற அமெரிக்க பேஸ்பால்காரரைக் களத்தடுப்புப் பயிற்சிக்கு வைத்திருந்தது. இரண்டு ஆட்டங்களுக்கும் இடையே பாதை உண்டு. ஆனால் கிரிக்கெட்டிலிருந்து வரும் பையனிடம் மறக்கடிக்க வேண்டியவை சில உண்டு: பந்தை அடித்துவிட்டு பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவான், க்ளவ் இடது கையில் இருக்க, வெறும் வலது கையையும் சேர்த்து நீட்டி விரலில் அடி வாங்குவான், தரையோடு அடிக்க வேண்டும் என்று பழகிய கை, மார்பு மட்டத்தில் வரும் பந்துக்கு இறங்கியே வரும். அந்த இளைஞர் இதையெல்லாம் தாமே கடந்து வந்தவரா, அல்லது கிரிக்கெட்டையே க்ளவ் மாட்டிக் கற்றுக்கொடுக்கிறாரா என்பதை ஒரு காலைப் பயிற்சியில் கண்டுகொள்ளலாம்.

மறுமொழி 6: காங்கயம் டீச்சர்

அண்ணாவுக்கு வணக்கம். நான் காங்கயம் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை; சேலத்தில் படிக்கும்போது சாஃப்ட்பால் ஆடினேன். உங்கள் கல்லூரி எது என்று எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் ஆடிய காலத்திலும் அதன் பிறகு சில ஆண்டுகளும், தை பிறந்ததும் உங்கள் பயிற்சியாளர் ஒருவர் இரண்டு க்ளவ்களையும் ஒரு பை நிறையப் பந்துகளையும் இருசக்கர வாகனத்தில் வைத்துக்கொண்டு எங்கள் பகுதிப் பள்ளிகளுக்கெல்லாம் வருவார் என்று எனக்கு முன்பிருந்த ஆசிரியர் சொல்வார். ஒரு மணி நேரம் பையன்களை எறியச் சொல்லிப் பார்த்துவிட்டு, இரண்டு மூன்று பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டு, டீக்கூடக் குடிக்காமல் அடுத்த பள்ளிக்குப் போய்விடுவாராம். நான் பணியில் சேர்ந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை உங்கள் கல்லூரியிலிருந்து ஒருவர்கூட வந்ததில்லை. உங்கள் அணி ஆறு ஆண்டாகத் தோற்கிறது என்கிறீர்கள். கணக்கு எனக்கு வியப்பாக இல்லை.

என் பள்ளியில் கல்லெறிந்து மாங்காய் அடித்துப் பழகிய கைகள் எத்தனையோ உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் அவர்கள் திருப்பூர் கம்பெனிக்குப் போகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பையனுக்கு வேறொரு கல்லூரியில் இடம் கேட்டுப் பேசி முடித்தபோது, அவன் தாயார் என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "கட்டணமில்லைனு சொல்றீங்க, செரிங்க டீச்சர். பொழுதோட ஆடி முடிச்சா கடைசி பஸ்ஸு போயிருமுங்களே, என்ற பையன் எங்க தங்குவானுங்க?" அந்தக் கேள்விக்கு அந்தக் கல்லூரியில் பதில் சொல்ல ஆளில்லை. பையன் இப்போது கட்டிங் செக்ஷனில் இருக்கிறான்.

மூவரிடமும் இதைக் கேளுங்கள், அண்ணா: கல்லூரியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சுற்றளவில், நன்றாக எறியும் பையன்கள் உள்ள ஐந்து பள்ளிகளையும் அங்குள்ள உடற்கல்வி ஆசிரியர்களையும் அவரால் சொல்ல முடியுமா? முடியாதவர் வரும் தை மாதத்துக்குள் தெரிந்துகொள்வதாக எழுதிக் கொடுப்பாரா?

மறுமொழி 7: பழைய ஷார்ட்ஸ்டாப்

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி மூவருக்கும் தலா இரண்டு காலை கொடுத்தோம். இப்போது எழுதுவது அதன் பிறகு.

துணை உடற்கல்வி இயக்குநர் முதல் நாளே எங்களை அழைத்து, எனக்குப் பிட்சிங் தெரியாது, தெரிந்ததுபோல நடிக்கவும் மாட்டேன், சேர்க்கையையும் ஓ.டி.யையும் விடுதியையும் என்னிடம் விடுங்கள், மைதானத்தை வேறொருவரிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். நேர்காணலில் அவருக்காக யாரும் பேசாமல் போனதற்கு நாங்கள் ஐவரும் தலைகுனிய வேண்டியிருந்தது. பள்ளிகள் பற்றிய கேள்விக்கு அவர் பதினொரு பெயர்களைச் சொன்னார். கைப்பந்துக்காகத் தேடிப் போன பள்ளிகள் அவை.

லாரிக்காரர் முதல் காலை ஐந்தரை மணிக்கே தம் தோட்டத்திலிருந்து ஒரு வண்டி புற்றுமண்ணோடு வந்தார். பையன்களையும் சேர்த்துக்கொண்டு, நீர் தெளித்து, திம்சுக்கட்டையால் இடித்து, பத்து அங்குலம் உயர்த்தி மேட்டைக் கட்டி முடித்தபோது ஏழு மணி. அந்த மேட்டில் நின்று ஒரு பையன் முதல் பந்தை எறிந்தபோது கேட்சரின் க்ளவில் எழுந்த ஓசையைக் கேட்டு எங்களில் ஒருவருக்குக் கண் கலங்கிவிட்டது. 90 பந்து கேள்விக்கு அவர் நொடிகூடத் தாமதிக்காமல், உட்கார வைப்பேன், தோற்றாலும் சரி என்றார். அவருக்கே தோள்பட்டை போன கதை எங்களுக்குத் தெரியும். ஆனால் இரண்டாம் நாள் பயிற்சி முழுவதும் பேட்டை அவரே பிடித்துக்கொண்டு தரைப்பந்துகளை அடித்துத் தள்ளினார். நான் கண் வைத்திருந்த கடைசிப் பையனின் கைக்கு ஒன்றரை மணி நேரத்தில் ஏழு பந்துகள் வந்தன. பந்தைத் தவறவிட்டவனை அவர் திட்டிய விதத்தில், எட்டாவது வராதிருந்தால் போதும் என்று அவன் நின்றதாகவே எனக்குப் பட்டது.

கிரிக்கெட்காரரின் முதல் நாளில் மைதானம் ஐந்தாகப் பிரிந்திருந்தது. எவனும் சும்மா நிற்கவில்லை. அதே பையனுக்கு அறுபத்திரண்டு கோடு போட்டேன், அதற்குப் பிறகு எண்ணிக்கை தவறிவிட்டது. காற்று பலமாக இருந்ததால் உயரப் பந்தைக் கைவிடாமல், எதிர்காற்றில் முதல் அடியை எந்தப் பக்கம் வைப்பது என்பதை மட்டும் அரை மணி நேரம் பழக்கினார். ஆனால் 90 பந்து கேள்விக்கு, இரண்டு இன்னிங்ஸ் மட்டும் எறிய விட்டுப் பார்ப்பேன் என்று சொல்லி எங்களைத் திடுக்கிட வைத்தார். மறுநாள் வந்ததும் அவராகவே ஆரம்பித்தார்: நேற்று நான் சொன்னது தவறு, இரவு முழுக்கப் படித்தேன், நம் போட்டிகளுக்கு நான்கு பிட்சர்கள் வேண்டும், இருப்பவர்களில் இந்த மூவரின் தோள் எனக்குப் பிடித்திருக்கிறது என்றார். கையில் பந்தை எண்ணுவதற்கு ஒரு சிறிய கருவியும் இருந்தது.

மூன்றுக்கு இரண்டு என்று அவரைப் பரிந்துரைத்தோம். அந்த மூன்றாவது கை என்னுடையது. துணை இயக்குநர் அணி மேலாளராகச் சேர்க்கையைப் பார்த்துக்கொள்வார். தாளாளர் மூன்று ஆண்டு அவகாசத்துக்கும், ஐயா சொன்ன மூன்றில் முதல் இரண்டுக்கும் ஒப்புதல் எழுதிக் கொடுத்தார். பட்டமளிப்பு விழாவுக்கு வேறு இடமில்லை என்று மேட்டுக்கான வரியை மட்டும் அடித்துவிட்டார். அதற்காக இன்னொரு முறை போக வேண்டும்.

லாரிக்காரர் அன்றிலிருந்து என் அழைப்பை எடுப்பதில்லை. பிட்சர்களை மட்டும் பார்த்துக்கொள்ள அவரை அழைக்க வேண்டும் என்று புதியவரே கேட்கிறார். எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை. இதற்கிடையில் ஐப்பசி மழை தொடங்கினால், புற்றுமண் மேடு ஒரே வாரத்தில் கரைந்துவிடும். அதை மூட நல்ல தார்ப்பாய் ஒன்று வேண்டும். எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா?

மறுமொழி 8: காங்கயம் டீச்சர்

எட்டு லாரி வைத்திருப்பவரின் வீட்டில் கிடைக்கும், அண்ணா. கைப்பேசியில் அழைக்காமல் விடிகாலையில் நேரில் போய்த் தார்ப்பாய் மட்டும் கேளுங்கள். எந்த மேட்டுக்கு, எத்தனை அடிக்கு என்று அவர் கேட்பார். அளவு உங்களுக்குத் தெரியாது என்று சொல்லி அவரையே மைதானத்துக்கு அழைத்து வாருங்கள். பிட்சர்கள் பயிற்சி செய்யும் நேரமாகப் பார்த்து அழைத்து வாருங்கள்.